அவளுடைய கூந்தல் நீளமானது

செத்துப்போன வேலுத்தாயி திரும்பவும் முதல் ஷிப்டுக்கு வந்து நின்னது ஆவணி மாசத்துல ஒரு திங்கக்கிழமை. அன்னிக்குக் காலையில உப்புமா, தொட்டுக்க ஒண்ணும் கிடையாது. அவ வந்து நின்னதைப் பத்தி எவளும் பெருசாப் பேசல, உப்புமாவைப் பத்தித்தான் பேசினோம். நம்பாதவங்க நம்ப வேண்டாம், நான் யாரையும் கட்டாயப்படுத்தல. ஆனா நூத்தி நாப்பது பொம்பளைப் பிள்ளைக பாத்தோம், வார்டன் பாத்து எண்ணுச்சு, சூப்பர்வைசர் பாத்து மெஷின் ஒதுக்கினான், வருகை நோட்டுல அவ பேருக்கு நேரா டிக் விழுந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

நான் பஞ்சவர்ணம். ஊரு கமுதிப் பக்கம், அவளுக்கு நரிக்குடிப் பக்கம். எங்க ரெண்டு பேரையும் ஒரே வேன்லதான் ஏஜெண்டு ஏத்திட்டு வந்தான், மூணு வருசத் திட்டம், முடிச்சா மொத்தமாப் பணம், கல்யாணத்துக்கு ஆகும், நல்ல சாப்பாடு, டி.வி. உண்டுன்னு வழி நெடுக அளந்துக்கிட்டே. மில்லு பேரைச் சொல்ல மாட்டேன். நூல் மில்லு, பொட்டக்காட்டுக்கு நடுவுல, சுத்துச் சுவருக்கு மேல கண்ணாடிச் சில்லு பதிச்சது. கேட்டுக்கு உள்ள போனா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சந்தை, மத்த நாளெல்லாம் ஹாஸ்டல்ல இருந்து மெஷினு, மெஷின்ல இருந்து ஹாஸ்டல், நடுவுல காதுக்குள்ளயும் மூக்குக்குள்ளயும் பஞ்சு.

எங்க ஹாஸ்டல்ல ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாம இந்தக் கதை நகராது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வார்டன் பாக்கியம் அக்கா நோட்டோட வந்து ரூம் வாசல்ல நிக்கும். ரூமுக்குப் பன்னெண்டு பேரு. தலை ஒண்ணு கொறஞ்சா பன்னெண்டு பேருக்கும் அந்த மாசம் சந்தை கிடையாது, வீட்டுக்குப் போன் கிடையாது. பன்னெண்டு பேருக்கு ஒரு கக்கூசு இருக்கிற எடத்துல எல்லாத் தலையும் ஒரே நேரத்துல எப்படிய்யா நிக்கும்? அதனால எவ இல்லையோ அவளுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி "இருக்கா"ன்னு குரல் குடுக்கணும். அது எங்க சட்டம். வேலுத்தாயி என் பக்கத்துப் படுக்கை. அவளுக்கு நானும் எனக்கு அவளுமா, ரெண்டு வருசத்துல எத்தனை நூறு "இருக்கா" சொல்லியிருப்போமோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அவ எப்படின்னு சொல்லணும்ல. கறுப்பு, குட்டை, முன்பல்லுல ஒரு சந்து, அந்தச் சந்து வழியா எச்சி தெறிக்கத் தெறிக்கப் பேசுவா. எடுத்ததுக்கெல்லாம் சண்டை. என் சீப்பைக் கேக்காம எடுப்பா, ஏண்டின்னு கேட்டா "ஒம் மண்டையில என்ன மயிரா இருக்கு, சீப்பு வச்சிருக்கவ?"ன்னு கேப்பா. சாம்பார்ல பருப்பு இல்லைன்னு மெஸ் மேஸ்திரி கையில கரண்டியைப் புடுங்கி அண்டாவுக்குள்ள துழாவிக் காட்டினவ. எனக்கு ஜுரம்னா மட்டும் பேச்சை நிறுத்திட்டு, ஈரத்துணியை மடிச்சு நெத்தியில போட்டுட்டு, பக்கத்துல உக்காந்து கால் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. எனக்கு அவளை அவ்வளவு புடிக்கும். இருக்கும்போது சொல்லல, இப்பச் சொல்றேன்.

ஆனி மாசம் ரெண்டாவது ஷிப்டுல, சாயங்காலம் நாலு மணி இருக்கும், மெஷினுக்கு அடியில சேர்ற பஞ்சைக் கூட்டி எடுக்கச் சொன்னான் சூப்பர்வைசர். ஓடுற மெஷின்லயே எடுக்கணும், நிறுத்தினா நூல் கொறையும். தலைக்குத் தொப்பி குடுக்கணும்னு சட்டம் இருக்கு, தொப்பியும் இருந்துச்சு, நூத்தி அம்பது தொப்பி, ஆபீஸ் பீரோவுல பூட்டி வச்சு, வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மாட்டிவிட்டுச் சாயங்காலம் எண்ணி வாங்கிக்குவாங்க. அன்னிக்கு ஆடிட்டு இல்ல. அவ குனிஞ்சா, ஜடை முன்னால விழுந்துச்சு, பெல்ட்டு அதைப் புடிச்சுக்கிச்சு. நான்தான் முதல்ல ஓடிப் போய்த் தூக்கினேன். தலையில முடி இல்ல, தோலும் இல்ல, கழுத்து வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பவே உசுரு இல்ல. பழைய துணியில சுத்திக் கம்பெனி வேன்ல ஏத்தினாங்க, கோயமுத்தூருக்கு வைத்தியத்துக்குப் போறா, யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மெஷினைக் கழுவி ஆறு மணிக்கெல்லாம் ஓட விட்டுட்டாங்க.

அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் பாக்கியம் அக்கா நோட்டோட வந்து நின்னு வேலுத்தாயின்னு வாசிச்சுச்சு. வாசிச்ச பிறகுதான் அதுக்கே நெனப்பு வந்திருக்கும். என் வாய் பாட்டுக்குத் தானா "இருக்கா"ன்னுச்சு. நான் சொல்லணும்னு சொல்லலங்க, சத்தியமா, பழக்கதோசம். பாக்கியம் அக்கா என் மூஞ்சியைப் பாக்காம டிக் போட்டுட்டு அடுத்த பேரை வாசிச்சுச்சு. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஆபீசுக்கும் அது தோதாப் போச்சு, ஆடிட்டு வர்ற நேரத்துல ஒரு பேரை அடிச்சா ஏன் அடிச்சேன்னு கேள்வி வரும்ல.

ஆடிக் கடைசியில, நூல் வாங்குற வெளிநாட்டு பையர் அடுத்த மாசம் ஆடிட்டுக்கு வர்றாங்க, பிள்ளைகள்கிட்ட நேராப் பேசுவாங்கன்னு தகவல் வந்துச்சு. உடனே எச்.ஆர். சார் டவுன்ல இருந்து ஜெபசிங் சாரை ஏற்பாடு பண்ணினாரு, எங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீசு சொல்லிக் குடுக்க. சின்ன வயசு, மொபெட்டு, சட்டைக் காலர்ல பவுடரு, எங்களைப் பாத்தாலே வேர்த்து ஊத்தும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மெஸ்ஸுல பெஞ்சைத் தள்ளிட்டு வகுப்பு. ஒரு பொருள் எப்படி இருக்குன்னு சொல்ற வார்த்தையும், அது யாரோடதுன்னு சொல்ற வார்த்தையும், இந்த ரெண்டு மட்டும் படிச்சாப் போதும், ஆடிட்டு முடிஞ்சுரும்னு எச்.ஆர். சார் சொல்லிட்டாரு.

முதல் நாள் "மை". மை-ன்னா என்னோட. ஆளுக்கு நாலு வாக்கியம் சொல்லுங்கன்னாரு. ஒருத்திக்கும் நாலு தேறல. படுக்கை கம்பெனியோடது, தட்டு கம்பெனியோடது, சோப்பு கம்பெனியோடது, நாள் கம்பெனியோடது. எல்லாரும் "மை பாக்ஸ், மை பாக்ஸ்"னு தகரப் பெட்டியையே சொல்லிக்கிட்டிருந்தோம். எட்டாம் ரூம் தமயந்தி எந்திரிச்சு "மை ஃபீவர்"னா. சார் ஒரு நிமிசம் முழிச்சுட்டு, சரிதான், ஆனா அதைப் பையர்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு.

ரெண்டாவது ஞாயிறு "ஹெர்", அவளோட. ஜோடி ஜோடியா எதிரும் புதிருமா உக்காந்து எதிராளியைப் பத்திச் சொல்லணும், பக்கத்துப் படுக்கைதான் ஜோடின்னாரு. என் எதிர்ல காலி பெஞ்சு. வரிசையா ஒவ்வொருத்தியும் சொல்லி முடிச்சு என் முறை வந்துச்சு. சாருக்கு விசயம் தெரியாது, "உன் பார்ட்னர் எங்கம்மா?"ன்னாரு. நான் "இருக்கா சார்"னேன். சொன்னவ அதோட விட்டுருக்கலாம். வாய் கேக்குதா? காலி பெஞ்சைப் பாத்துக்கிட்டே கரும்பலகையில இருந்த ஆறு வாக்கியத்தையும் சொன்னேன். ஹெர் நேம் இஸ் வேலுத்தாயி, அவ பேரு வேலுத்தாயி. ஹெர் பெட் இஸ் நீட், அவ படுக்கை ஒழுங்கா இருக்கு. ஹெர் ஹேர் இஸ் லாங், அவ முடி நீளம். ஹெர் ஹேண்ட்ஸ் ஆர் சாஃப்ட், கை மெத்துனு இருக்கு. ஹெர் டிரெஸ் இஸ் க்ளீன், துணி சுத்தம். ஹெர் ஃபேஸ் இஸ் ஹேப்பி, முகத்துல சந்தோசம். "வெரி குட்"னாரு சார்.

சாயங்காலம் ரூமுக்கு வந்தா அவ படுக்கை விரிப்பு நாலு மூலையும் இழுத்துச் சொருகி, மடிப்பு இல்லாம இருந்துச்சு. அவ உசுரோட இருந்த வரைக்கும் ஒரு நாளும் அப்படி விரிச்சவ இல்ல. எவளோ விரிச்சிருக்கான்னு நெனச்சோம். தினமும் காலை எண்ணிக்கைக்கு முன்னால ஜோடி ஜோடியா வாக்கியத்தை ஒப்பிக்கணும்னு வார்டனுக்கு உத்தரவு, அதனால தினமும் நான் அந்த ஆறையும் காலிப் படுக்கையைப் பாத்துச் சொன்னேன், சொல்லச் சொல்ல, செவ்வாய்க்கிழமை கொடியில அவ யூனிஃபார்ம் துவைச்சுக் காஞ்சுச்சு, வியாழக்கிழமை தலகாணியில இருந்து தரை வரைக்கும் முடி விழுந்து கெடந்துச்சு, முழங்காலுக்குக் கீழ வர்ற முடி, சனிக்கிழமை அந்த முடிக்குப் பக்கத்துல ரெண்டு கை, வேலையே பாக்காத கை, மடியில வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு இருந்துச்சு. திங்கக்கிழமை ஆறாவது வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவும் எந்திரிச்சு உக்காந்து, என்னைப் பாத்துச் சிரிச்சா. பல்லுல சந்து இல்ல.

"வேலு"ன்னேன்.

"குட் மார்னிங்"னா.

உப்புமாவுக்கு வரிசையில நின்னா. தட்டை நீட்டினா, வாங்கினா, சாப்பிடல, யாரு கேட்டாலும் குடுத்துட்டா. ரெண்டு நாள்ல எல்லாருக்கும் அது தெரிஞ்சுபோயி அவ பக்கத்துல உக்கார அடிபுடி. ஒண்ணாம் ரூம் பிள்ளைக வந்து நீள முடியைத் தொட்டுப் பாத்துட்டு என்ன எண்ணெய்னு கேட்டாங்க. எவளுக்கும் பயம் இல்லையான்னு கேக்காதீங்க. எங்களுக்குச் சூப்பர்வைசர்கிட்டப் பயம், மெஷின்கிட்டப் பயம், வீட்டுல இருந்து வர்ற போன்கிட்டப் பயம், அதுக்கு மேல பயப்பட நேரம் ஏது? அவ பாட்டுக்கு வந்தா, அவ பாட்டுக்கு நின்னா. சூப்பர்வைசர் பயல் முதல் நாள் வெளிறிப் போய் நின்னான், அரை மணி நேரத்துல தேறிட்டான். அவளுக்குக் கால் வலிக்காது, தாகம் எடுக்காது, கக்கூசு போக வேண்டாம்னு தெரிஞ்சதும் நாலு பேரு பாக்குற மெஷினை அவ ஒருத்தி தலையில கட்டினான்.

மத்தவளுகளுக்கும் ஆசை வந்துருச்சு. மெஸ்ஸுல அண்டாவைச் சுத்தி நின்னு "அவர் சாம்பார் இஸ் திக்", எங்க சாம்பார் கெட்டின்னு நாப்பது தடவை கத்தினாளுக. சாம்பார் தண்ணியாவே இருந்துச்சு. தமயந்தி தன் ஜுரத்துக்கு "மை பாடி இஸ் ஹெல்த்தி"ன்னு ஒரு வாரம் சொன்னா, ஜுரம் கூடுச்சு. இருக்கிறது மேல அந்த வார்த்தை ஒட்டல, இல்லாதது மேலதான் ஒட்டுச்சு. அதுவும் பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாத்தான். ஏன்னு எனக்குத் தெரியாது, யாரும் கேக்கவும் இல்ல.

எனக்கு மட்டும் ஒரு கொறை. இவ சண்டை போட மாட்டேங்கிறா. சீப்பை வேணும்னே அவ கண்ணுக்கு முன்னால வச்சேன், எடுக்க மாட்டேங்கிறா. ஜெபசிங் சார்கிட்ட "வாயாடிக்கு இங்கிலீசுல என்ன சார்"னு கேட்டு, மறுநாள் ஏழாவதா "ஹெர் மவுத் இஸ் டாக்கட்டிவ்"னு சேத்துச் சொன்னேன். தப்பு, பெரிய தப்பு. அன்னிக்கு முழுசும் வாய் மூடல அவ, ஆனா பேச அவளுக்கு என்ன இருக்கு? "மை ரூம் இஸ் க்ளீன் மை சூப்பர்வைசர் இஸ் கைண்ட் மை ஃபுட் இஸ் டேஸ்ட்டி"ன்னு மெஷின் மாதிரி ஓடிக்கிட்டே இருந்தா, காதைப் பொத்திக்கிட்டு அழுதேன். அதோட அந்த வாக்கியத்தை விட்டுட்டேன்.

இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு. ஒரு நாள் காலையில எனக்கு வயித்துவலி, வாக்கியம் சொல்லாமப் படுத்துட்டேன். பதினோரு மணிக்குத் தமயந்தி மூச்சு வாங்க ஓடி வந்தா: "எக்கா, சீக்கிரம் வாக்கா, அவளுக்கு முடி தோள்பட்டைக்கு வந்துருச்சு, கை மணிக்கட்டுக்குக் கீழ தெரியல." ஓடிப் போய் மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஆறையும் கத்தினேன், திரும்ப வந்துச்சு. ஒரு நாளுக்குத்தான் தாங்கும், அவ்வளவுதான்.

எச்.ஆர். சார் மெஸ்ஸுக்கு வந்து அவளைத் தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தாரு. ஆச்சரியப்படல அவரு, சுமையை எறக்கி வச்சவர் மாதிரி மூச்சு விட்டாரு. அன்னியில இருந்து எனக்கு முட்டை. மெஷின் வேலையை விட்டு மாத்தி உக்காந்து பாக்குற வேலை. நான் தின்னேன், உக்காந்தேன், மறைக்க என்ன இருக்கு? செத்தவ திரும்பி வந்து பக்கத்துல படுத்திருக்கா, கையில முட்டை, நான் சந்தோசமாத்தான் இருந்தேன்.

அப்புறம் அவ அம்மா வந்துச்சு.

சீனியம்மான்னு பேரு. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுற கை, நகமெல்லாம் கரி. ரெண்டு மாசமா போன் போட்டா ஷிப்டுல இருக்கா, தூங்குறா, குளிக்கிறான்னு சொல்லியே அனுப்பியிருக்காங்க, பொறுக்க மாட்டாம மூணு பஸ்ஸு மாறி வந்து கேட்டுல உக்காந்திருச்சு. முன்னாடின்னா விரட்டியிருப்பாங்க. இப்பத்தான் காட்ட ஆள் இருக்கே, பார்வையாளர் ரூம்ல நாற்காலி போட்டு உக்கார வச்சு, என்னையும் கூட்டிட்டு வரச் சொல்லி, வேலுத்தாயியைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க.

அந்தம்மா கண்டுபுடிச்சிரும்னு நெனச்சேன். பெத்தவளுக்குத் தெரியாமலா போகும்னு நெனச்சேன். அந்தம்மா மகளோட கன்னத்தைப் புடிச்சுது, கையைப் புடிச்சுத் தடவுச்சு, முடியை எடுத்து மடியில போட்டுப் பாத்துச்சு, பாத்துட்டு என்கிட்டத் திரும்பி, "எப்படி வளந்துருக்கு பாத்தியா தாயி! வீட்டுல இருந்தப்ப எந்நேரமும் எரிஞ்சு எரிஞ்சு விழுவா. இப்பப் பாரு, எம்புட்டுப் பதமா இருக்கா"ன்னுச்சு.

"குட் மார்னிங்"னா வேலுத்தாயி.

"எம் மக இங்கிலீசு பேசுறா!"ன்னு அந்தம்மா அழுதுச்சு. அது சந்தோச அழுகை. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டுச்சு. எச்.ஆர். சார், தாராளமா, வர்ற வியாழக்கிழமை ஆடிட்டு, அது முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போங்க, ஒரு பேப்பர்ல ரேகை மட்டும் வைக்கணும்னாரு. அந்தம்மா எந்திரிச்சுக் கும்பிட்டுச்சு. அது போன பிறகு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்னு பேப்பரைத் தள்ளினாரு. தமிழ்லதான் இருந்துச்சு, படிச்சேன். என் மகளை நல்ல உடல்நலத்துடன் நேரில் பெற்றுக்கொண்டேன், இனி அவளுக்கு நேரும் எதற்கும் மில் நிர்வாகம் பொறுப்பல்ல. அவ்வளவுதான், ரெண்டு வரி.

ரெண்டு வரியையும் திரும்பப் படிச்சேன். மூணு பஸ்ஸு. அங்க காலையில ஆறு வாக்கியம் சொல்ல யாரு இருக்கா? வெள்ளிக்கிழமை பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரத்துல முடி போயிரும், கை போயிரும், துணி போயிரும், கடைசியா அந்தச் சிரிப்பும் போயிரும், அந்தம்மா வீடு வீடா, கிணறு கிணறாத் தேடும், போலீசுக்குப் போகும், போலீசு இங்க வந்து கேட்டா இவங்க இந்தப் பேப்பரை எடுத்து நீட்டுவாங்க, நல்லாக் குடுத்தோமே, நீ என்னம்மா பண்ணினேன்னு அதையே திருப்பிக் கேப்பாங்க. மெஷின் கொன்ன பழி பெத்தவ தலையில வந்து விழும். அதுக்குச் சாட்சி நான்.

"அந்தம்மா ரேகை வச்ச பிறகு போடுறேன் சார்"னு வந்துட்டேன்.

மறுநாள் ஆடிட்டுங்கிறதால புதன்கிழமையும் ஒரு வகுப்பு வச்சாங்க, அதுதான் கடைசி. முடிஞ்சதும் ஜெபசிங் சார் மொபெட்டை உருட்டிக்கிட்டு இருந்தவரை மறிச்சு, மூணு வார்த்தைக்கு இங்கிலீசு கேட்டேன். பிஞ்சது, ஜில்லுனு ஆனது, முறிஞ்சது.

"எதுக்கும்மா? லெசன்ல இல்லையே."

"வேலுத்தாயிக்கு சார்."

அவருக்கும் அதுக்குள்ள விசயம் காதுக்கு வந்திருக்கும், இல்லைன்னா மூஞ்சி அப்படி ஆகுமா? மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாரு. அப்புறம் என் உள்ளங்கையில பேனாவால மூணையும் தமிழ் எழுத்துல எழுதி, எப்படிச் சொல்லணும்னு ரெண்டு தடவை மெதுவாச் சொல்லிக் காட்டினாரு. "நான் சொன்னேன்னு சொல்லிராதம்மா, எனக்குத் தங்கச்சி இருக்கு"ன்னாரு. போயிட்டாரு. மறுநாள் வரல. அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலையில எனக்கு முன்னால ரெண்டு வழி இருந்துச்சு. வாக்கியத்தைச் சொல்லாம விட்டா மதியத்துக்குள்ள தானா கரைஞ்சு போயிருவா, யாருக்கும் எதுவும் காட்ட இருக்காது. சொன்னா நிப்பா. சொன்னேன். ஆறையும் ஒவ்வொண்ணா, அவ கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன், எந்திரிச்சு உக்காந்தா.

"வேலு, இன்னிக்கு ஒண்ணு பண்ணப் போறேன்டி. என்னை மன்னிச்சிரு."

"தேங்க் யூ"ன்னா.

பீரோவைத் திறந்து தொப்பி குடுத்தாங்க. அவளுக்கும் ஒண்ணு. அவ்வளவு முடியையும் சுருட்டி உள்ள திணிச்சு நான்தான் மாட்டிவிட்டேன். மருந்துப் பெட்டிப் பூட்டைத் திறந்தாங்க, தரையில ஏதோ வாசனைத் தண்ணி ஊத்தித் துடைச்சாங்க. பதினோரு மணிக்கு வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க வந்தாங்க, ஒசரம், வேர்வையில முகமெல்லாம் செவந்து, கூட மொழிபெயர்க்க மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு. மீட்டிங் ஹால்ல எச்.ஆர். சார், சீனியம்மாளை முன் நாற்காலியில உக்கார வச்சு, கப்பு சாசர்ல டீ குடுத்து, குடும்பத்தோட உறவை நாங்க எப்படிப் பேணுறோம் பாருங்கன்னு காட்டிக்கிட்டிருந்தாரு. மேசையில அந்தப் பேப்பர், பக்கத்துல மைப்பெட்டி, மூடி திறந்தபடி.

என்னையும் வேலுத்தாயியையும் எதிரும் புதிருமா நிறுத்தினாங்க. எங்க பிள்ளைக இங்கிலீசு பாருங்க மேடம்னு எச்.ஆர். சார் என்னைப் பாத்துத் தலையாட்டினாரு.

"ஹெர் நேம் இஸ் வேலுத்தாயி"ன்னேன். வெள்ளைக்கார அம்மா சிரிச்சாங்க. சீனியம்மா எல்லாத்தையும் விடப் பெருசாச் சிரிச்சுச்சு.

"ஹெர் ஹேர் இஸ் டோர்ன்."

தொப்பி லொடக்குனு தொங்கிச்சு. உள்ள ஒண்ணும் இல்ல இப்ப. நெத்தி ஓரமா சிவப்பா ஒரு கோடு எறங்கிச்சு. எச்.ஆர். சார் எந்திரிச்சு "அது லெசன்ல இல்ல, அது லெசன்ல இல்ல"ன்னாரு.

"ஹெர் ஹேண்ட்ஸ் ஆர் கோல்ட்."

கையில பழைய காய்ப்பு அத்தனையும் திரும்ப வந்துச்சு, நூல் அறுத்த கோடு வந்துச்சு, நகம் நீலம் பாரிச்சுச்சு. அவ என்னைப் பாத்தா. சிரிப்பு போயிருச்சு, முன்பல்லு தெரிஞ்சுச்சு, சந்தோட. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அது என் வேலுத்தாயி, இப்ப வையப் போறான்னு நான் நின்னேன். அதோட நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எத்தனையோ தடவை நெனச்சிருக்கேன். மேசையில மைப்பெட்டி திறந்து இருந்துச்சு.

"ஹெர் நெக் இஸ் ப்ரோக்கன்."

விழுந்துட்டா. எச்.ஆர். சார் மயக்கம் மயக்கம், காலையில சாப்பிடல, தண்ணி கொண்டான்னு கத்தினாரு. வெள்ளைக்கார அம்மா ஓடல. முட்டி போட்டு உக்காந்து, தொப்பியை மெதுவா எடுத்து, பாத்து, கழுத்துல ரெண்டு விரலை வச்சாங்க, ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க. அப்புறம் என்னை நிமிந்து பாத்து "கோல்ட்"னாங்க. "எஸ் மேடம்"னேன். ரெண்டு மாசத்துப் பொணம் அது, ஆனா அந்த நாலு மணியில எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தா. மொழிபெயர்க்க வந்த பொண்ணு வாசல்ல போய் வாந்தி எடுத்துச்சு.

அப்புறம் நடந்தது நியூஸ் பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. போலீசு, கேஸு, ரெண்டு பேரு உள்ள போய் ஒரு மாசத்துல வெளிய வந்தாங்க, மில்லு ஆறு மாசம் மூடிக் கெடந்து வேற பேருல திறந்துச்சு. அங்க இப்ப தினமும் தொப்பி குடுக்கிறாங்களாம். நூத்தி நாப்பது பேரும் அவங்கவங்க ஊருக்குப் போனோம். உன்னாலதான் போச்சுன்னு பாதிப் பேரு என்னை வஞ்சாங்க, நல்ல காரியம் பண்ணினேன்னு பாதிப் பேரு சொன்னாங்க. எனக்கு அது ரெண்டும் ஏறல.

ஆடிட்டு அன்னிக்கு மதியம் பெரியாஸ்பத்திரிப் பொணவறைக்கு வெளிய சீனியம்மா தரையில உக்காந்திருந்துச்சு. பக்கத்துல போய் உக்காந்தேன். தண்ணி வாங்கிக் குடுத்தேன், வாங்கிக் குடிச்சுச்சு. எல்லாத்தையும் சொன்னேன், ஆனி மாசத்துல இருந்து, ஒண்ணு விடாம. கேட்டுச்சு. கத்தல, அடிக்கல.

"அப்ப நாளைக்குக் காலை வரைக்கும் இருந்திருப்பா"ன்னுச்சு.

"ஆமாம்மா. நீங்க கூட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா வீட்டுல வச்சு..."

"மூணு பஸ்ஸுதானே தாயி. என் பக்கத்துல உக்காந்து வந்திருப்பால்ல. ஒரு பொழுது வீட்டுல படுத்திருப்பால்ல."

"அம்மா, அந்தப் பேப்பர்ல நீங்க ரேகை வச்சிருந்தா பழி முழுக்க உங்க மேல..."

அந்தம்மா கரி ஏறின கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"ரேகைதானே"ன்னுச்சு. "வச்சுட்டுப் போறேன்."